வன்னி சொன்ன சாட்சி

வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம் போகும் பக்கம், வீடுகளுக்கு நடுவே கட்டடம் எழும்பாத மனைகள் சில உண்டு. எல்லைக்கல் ஊன்றி அதில் பெயின்ட்டால் எண் எழுதி வைத்திருப்பார்கள். அந்த எண் வெளுப்பதற்குள் சீமைக் கருவேலம் தலைக்கு மேல் வளர்ந்துவிடும். சித்திரை முடியும் சமயத்தில் ஒருநாள், அப்படியொரு மனையில் ஓர் அக்கா 12 வெள்ளாடுகளை விட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் வெறும் தரை. புல் பூண்டு எதுவும் கண்ணில் படவில்லை.

“இங்க என்னக்கா மேயுது? ஒரு புல்லுகூட இல்லையே?”

“புல்லுக்கா பத்திட்டு வந்தேன்? நெத்துக்கு வந்தேன்யா. இது உதுர்ற வரைக்கும் தீவனக் கவலையில்ல.”

ஆடுகள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தது சருகை இல்லை, நெற்றை. வைக்கோல் நிறத்தில், லேசாக வளைந்து, விரல் நீளத்துக்கு மேல் இருந்தது ஒவ்வொன்றும். ஒன்றை எடுத்து ஒடித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெல்லத்தின் ஓரத்தைச் சுரண்டித் தின்றதுபோல ஓர் இனிப்பு. அந்த இனிப்புச் சதைக்குள்ளே ஒவ்வொரு விதையும் தனித்தனியாக ஒரு கெட்டி உறைக்குள் இருக்கிறது. நகத்தால் அதை உடைக்க முடியவில்லை. அக்கா ஒரு குச்சியை எடுத்து, காய்ந்த புழுக்கை ஒன்றைத் தரையில் நசுக்கிக் காட்டினார். பழுப்பு நிறத்தில் பளபளப்பாக ஒரு விதை முழுசாக வெளியே வந்தது. “இதத்தான் ஊரெல்லாம் வெதச்சிட்டுத் திரியுதுங்க” என்றார்.

ஆடு நன்றாக மென்று தின்னும் பிராணி. அதனால் கணிசமான விதைகள் அதன் பல்லில் அரைபட்டுவிடும். மாட்டின் வயிற்றில் போகும் விதைகள் இன்னும் அதிகமாகத் தப்பிவிடுகின்றன. தப்பிய விதைக்கு இரண்டு லாபம். வயிற்றின் வெப்பமும் அமிலமும் கெட்டித் தோலைக் கொஞ்சம் இளக்கி, முளைப்பை எளிதாக்குகின்றன. விழும் இடத்திலோ எருவும் சேர்ந்தே விழுகிறது. மரம் இனிப்பைக் கொடுத்து வண்டிவாடகையைக் கட்டிவிடுகிறது. ஆனால் அந்த இனிப்பை மட்டுமே மாதக்கணக்கில் தின்னும் மாடுகளுக்கு வேறொரு விலை உண்டு. நெற்றில் உள்ள ஆல்கலாய்டுகள் தாடையை இயக்கும் நரம்புகளைத் தாக்கி, முகம் ஒரு பக்கமாகக் கோணிப்போகும். பிரேசிலில் மாட்டுக்காரர்கள் இதைக் ‘கோணல் முகம்’ என்றே சொல்கிறார்கள்.

பிரேசிலை இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. இந்த மரத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள். காமராசர் காலத்தில் வந்தது என்று டீக்கடையில் உறுதியாகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1950, 60களில் விறகுக்காக வறண்ட மாவட்டங்களில் பரவலாக ஊன்றப்பட்டது என்பது வரைக்கும் சரி. ஆனால் மரம் இந்தியாவுக்குள் வந்தது அதற்கு வெகுகாலம் முன்னால். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் என்ற அதிகாரி விதை கேட்டு எழுத, 1877ல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் அது ஊன்றப்பட்டது. பெரும் பஞ்ச காலம் அது. மழையில்லாத மண்ணிலும் விறகு தரும் மரத்தை அன்றைக்குத் தேடியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மதுரைக்காரர்களுக்கு இந்த மரம் நன்றாக நினைவிருக்கும் ஆண்டு 2017. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தென்மாவட்டங்களில் இதை வேரோடு அகற்றச் சொன்னது. கண்மாய்க்குக் கண்மாய் ஜேசிபி இறங்கியது. சில மாதங்களில் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை போட்டது. இதற்கு முறையான அறிவியல் ஆய்வு உண்டா என்பதுதான் அப்போது எழுந்த கேள்வி. 2022ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. இதற்கிடையில் வாட்ஸப்பில் மரத்தின் மேல் எல்லாப் பழியும் விழுந்தது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைக் கெடுக்கும் என்றுகூட எழுதினார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. வேர் ஆழமாகப் போகும் என்பது மட்டும் உண்மை. அமெரிக்காவில் அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டும்போது, இதற்கு நெருங்கிய உறவான மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள்.

வழக்கு என்றால் சாட்சி வேண்டும். மதுரையில் மரம் சாட்சி சொன்ன கதை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. திருவிளையாடற் புராணத்தின் கடைசிப் படலம் அது. திருப்புறம்பியத்தில் நடந்த ஒரு கல்யாணத்தை மதுரையில் நம்ப மறுத்தபோது, அந்தப் பெண்ணுக்காக அங்கிருந்த வன்னி மரமும் கிணறும் இலிங்கமும் மதுரைக்கே வந்து சாட்சியாக நின்றன. மீனாட்சி அம்மன் கோயிலில் அந்தச் சாட்சிகளை இன்றும் காட்டுவார்கள். சீமைக் கருவேலத்தின் வழக்கிலும் விஞ்ஞானிகள் அழைத்த முக்கியமான சாட்சி அதே வன்னிதான்.

ஏனென்றால் இரண்டும் உறவு. புராஸோபிஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் இரண்டையும் வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2022ல் தாவரவியலாளர்கள் அந்தப் பேரினத்தைப் பிரித்து, சீமைக் கருவேலத்தை நெல்டுமா என்ற தனிப் பேரினத்தில் சேர்த்தார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்திருந்தவர்கள் இப்போது தூரத்துப் பங்காளிகள் ஆகிவிட்டார்கள். ஆனாலும் முள், இறகு போன்ற இலை, நெற்று, வறட்சியைத் தாங்கும் குணம் எல்லாம் ஒரே சாயல்தான்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் இந்தர்ஜித், அமெரிக்காவின் ரேகன் காலவே முதலானவர்கள் சேர்ந்து 2012ல் வெளியிட்ட ஆய்வின் அமைப்பு மிக எளிமையானது. எளிமையாக இருப்பதால்தான் எனக்குப் பிடித்தது. ஒரு மரத்தின் குடைக்குக் கீழே எத்தனை வகைச் செடிகள் இருக்கின்றன என்று எண்ணுவது. அதே அளவு இடத்தைப் பக்கத்து வெட்டவெளியில் குறித்து அங்கேயும் எண்ணுவது. இதை இந்தியாவில் சீமைக் கருவேலத்தின் கீழே செய்தார்கள். இந்தியாவிலேயே வன்னியின் கீழேயும் செய்தார்கள். பிறகு கடல் தாண்டி, சீமைக் கருவேலத்தின் சொந்த ஊரான வெனிசுவேலாவிலும் செய்தார்கள்.

இந்தியாவில் சீமைக் கருவேலத்தின் கீழே செடிவகைகள் வெட்டவெளியைவிட வெகுவாகக் குறைந்திருந்தன. அந்த அக்காவின் ஆடுகள் நின்ற மனையில் நான் கண்ட அதே வெறுமை. வன்னியின் கீழே நிலைமை நேர்மாறு. ராஜஸ்தான் விவசாயிகள் வயல் நடுவே வன்னியை வெட்டாமல் விட்டுவைத்து, அதன் அடியிலேயே கம்பு விதைப்பது காரணமில்லாமல் இல்லை. இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வெனிசுவேலாவிலிருந்து வந்தது. அங்கே சீமைக் கருவேலத்தின் கீழே செடிகள் அழியவில்லை. பொதுவாக அதன் நிழலில் மற்றவை பிழைத்துக்கொண்டிருந்தன. இங்கே ஊரைக் காலி செய்யும் அதே மரம், அங்கே வன்னிபோல நடந்துகொள்கிறது.

அப்படியென்றால் நஞ்சு எங்கே இருக்கிறது? இலையிலா? இந்தியாவில் உள்ள சீமைக் கருவேலங்களின் அடிமண்ணில் ஃபீனால் வகைச் சேர்மங்களும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலமும் கூடுதலாக இருந்தன. இலைச்சருகின் சாறு ஆய்வகத்தில் நாற்றுகளின் வேரைக் குறுக்கியது. ஆனால் வெனிசுவேலாவிலும் அதே மரம் சருகை உதிர்க்கத்தான் செய்கிறது. இலையை மட்டும் பிழிந்து பார்த்தால் விடை கிடைக்காது. சருகு விழும் மண்ணில் யார் யார் குடியிருக்கிறார்கள், சுற்றியுள்ள செடிகள் அந்தச் சாற்றோடு எத்தனை ஆயிரம் ஆண்டு பழகியிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

மண்ணின் குடிகளைப் பார்க்க மைக்ராஸ்கோப்பு இல்லாமலே ஒரு வழி உண்டு. நான் மொட்டைமாடியில் செய்து பார்த்தது. இரண்டு மண் தொட்டிகள். தோட்ட மண்ணைச் சலித்து, பாதியை அப்படியே ஒரு தொட்டியில் போட்டேன். மீதியைப் பழைய இரும்புச் சட்டியில் கொட்டி, கடலை வறுப்பதுபோல வெகுநேரம் வறுத்து, ஆறவிட்டு அடுத்த தொட்டியில் போட்டேன். இரண்டிலும் தட்டாம்பயறு. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினேன். ஐந்து வாரம் கழித்துப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் அலசினேன். வறுக்காத மண்ணில் வளர்ந்த வேரில் கேழ்வரகு அளவிலும் மிளகளவிலும் முடிச்சுகள் ஒட்டியிருந்தன. வறுத்த மண்ணில் வளர்ந்த வேர் சுத்தமாக இருந்தது. அந்தச் செடியின் இலையில் பச்சை மங்கியிருந்தது.

ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. முதல்தடவை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் திடுக்கென்றிருக்கும், ஏதோ சதையைக் கிள்ளிவிட்டதுபோல. அந்த நிறம் நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தால் வருகிறது. முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றுகிறது. அந்த வேலைக்கு வேண்டிய நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிடவும் வேண்டும். எனவே அந்தச் சிவப்புப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, அளந்து அளந்து விடுகிறது. பயறு வகைச் செடிகள் முடிச்சின் வழியாகத்தான் காற்றிலிருந்து சத்தெடுக்கின்றன என்று ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் நிறுவியது 1880களில். நம் ஊர் வேளாண் அலுவலகத்தில் ரைசோபியம் பொட்டலம் வாங்கி, ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையைப் புரட்டி நிழலில் உலர்த்துகிறார்களே, அந்தக் கஞ்சிக் கையின் பின்னால் இருக்கும் அறிவியல் இதுதான்.

இந்தக் கூட்டு வெறும் அன்பால் நடப்பதும் இல்லை. 2003ல் டோபி கியர்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் சோயா வேர் முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கானை நிரப்பினார்கள். பாக்டீரியா வேலை செய்ய நினைத்தாலும் செய்ய முடியாது. செடி என்ன செய்தது? அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது. சும்மா இருக்கும் கூட்டாளிக்கு வேர் படியளப்பதில்லை. கண்ணும் மூளையும் இல்லாத ஒரு வேர் வரவு செலவு பார்ப்பதை நினைக்க எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

பாக்டீரியாவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குடி உண்டு. வேர் உட்பூசணம். வேரின் செல்லுக்குள் நுழைந்து கிளைவிட்டு, வெளியே மண்ணில் தலைமுடியைவிட மெல்லிய இழைகளைப் பரப்பி, வேர் எட்டாத இடுக்கிலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். கூலியாகச் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும். உரக்கடையில் ‘வேம்’ என்று மூட்டையில் விற்பது இதைத்தான். நிலத்தில் வாழும் தாவரங்களில் பெரும்பாலானவற்றின் வேர்கள் ஏதாவதொரு பூஞ்சையோடு இப்படிக் கூடித்தான் வாழ்கின்றன.

சீமைக் கருவேலம் பயறுக் குடும்பத்து மரம். அதற்கும் வேர் முடிச்சு உண்டு, உட்பூசணமும் உண்டு. புதிய நாட்டில் வந்து இறங்கியபோது அந்தக் கூட்டாளிகளை அது இங்கேயே தேடிக்கொண்டது. உப்பு மண்ணிலும் சுண்ணாம்பு மண்ணிலும் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாக்களோடு சேர்ந்துகொள்ளக் கூடியது அது. நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். பகைவர்கள் மட்டும் வரவில்லை. சொந்த ஊரில் அதன் விதையைத் துளைக்கும் வண்டுகள் உண்டு. அப்படி ஒரு வண்டைத்தான் தென்னாப்பிரிக்கா 1987ல் வரவழைத்துக் காட்டில் விட்டது. அங்கே அந்த வண்டுக்குப் போட்டியாக வந்தவை ஆடுமாடுகள். வண்டு முட்டையிடுவதற்குள் நெற்றைத் தின்று, விதையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன.

மண்ணுக்குள்ளும் பகைவர்கள் உண்டு. ஒரு செடி ஓரிடத்தில் வெகுநாள் இருந்தால், அதன் வேரைத் தின்னும் கிருமிகளும் அங்கே பெருகும். கத்தரிக்குப் பின் கத்தரி போடாதே என்று நம் விவசாயிகள் சொல்வது அதனால்தான். கனடாவில் ஜான் கிளிரோனோமோஸ் 2002ல் இதைச் சோதித்தார். ஒவ்வொரு செடியையும் அது முன்பு வளர்ந்த மண்ணிலேயே திரும்ப வளர்த்தார். ஊரில் அரிதாகக் காணப்படும் செடிகள் தங்கள் பழைய மண்ணில் நோஞ்சானாக வளர்ந்தன. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய செடிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவை முன்பு வளர்ந்த மண் அவற்றுக்கே சாதகமாக இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து காலவேயின் குழு, ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்ட ஒரு களையை எடுத்து, இரண்டு கண்டத்து மண்ணிலும் வளர்த்தது. ஐரோப்பிய மண்ணின் நுண்ணுயிர்கள் அதை அடக்கி வைத்தன. அமெரிக்க மண்ணின் நுண்ணுயிர்கள் அதை ஊட்டி வளர்த்தன. அவர்கள் செய்ததும் அடிப்படையில் நான் இரும்புச் சட்டியில் செய்த வேலைதான். மண்ணின் உயிர்களைக் கொன்ற தொட்டி ஒன்று, கொல்லாத தொட்டி ஒன்று.

இந்த மரத்துக்கு நல்ல பெயர் கிடைத்த இடமும் இந்தியாவிலேயே உண்டு. ஹரியானாவில் கர்னாலில் இருக்கும் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம், எதுவும் முளைக்காத களர் நிலத்தில் சீமைக் கருவேலத்தை ஊன்றி, அதனோடு ஒரு வகைப் புல்லையும் வளர்த்துப் பார்த்தது. ஆண்டுகள் போகப்போக மண்ணின் காரத்தன்மை குறைந்தது, மக்கு சேர்ந்தது. எதுவும் இல்லாத இடத்தில் அது ஒரு தொடக்கம். ஏற்கெனவே கோரையும் அறுகும் கொழிஞ்சியும் ஆவாரையும் இருந்த கண்மாய்க்கரையில் அதே மரம் ஒரு முடிவு.

ஆட்டுக்கும் இதே நியாயம்தான் பொருந்தும். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்ப் பாசன ஊர்களில், அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவது பழைய வழக்கம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிவந்து இரவில் வயலில் அடைப்பார்கள். மறுநாள் பட்டியைப் பக்கத்துக்கு மாற்றுவார்கள். புலிக்குளம் மாடுகளையும் இப்படிக் கிடை போடுவதுண்டு. அவனியாபுரம் வாடிவாசலில் பாயும் காளைகளில் அந்த இனம் பெயர் பெற்றது. அதன் மந்தை வாழ்க்கைக்கு எருதான் வருமானம் என்பது பலருக்குத் தெரியாது.

கிடை போட்ட வயலுக்கு விடியற்காலையில் போனால் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும். மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை மண்ணின் நுண்ணுயிர்கள் உடைத்து அமோனியாவாக மாற்றிக்கொண்டிருக்கும் நெடி அது. அது காற்றோடு போவதற்குள் உழுதுவிட வேண்டும். உழுதால், வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிப் பயிரின் வேருக்குக் கொடுக்கும். ஆட்டு எரு அந்த வெள்ளாமைக்கே தெரியும் என்று கிராமத்தில் சொல்வது மண்ணின் இந்தச் சுறுசுறுப்பைத்தான்.

அதே ஆடு கண்மாய்க்கரையில் நெற்றைத் தின்றுவிட்டு வந்து வயலில் படுத்தால் விதையும் வயலுக்கு வரும். உழவும் களையெடுப்பும் நடக்கும் வரைக்கும் அது பொருட்டில்லை. முளைத்த அன்றே போய்விடும். வயல் தரிசாகிற வருஷம் வரட்டும், புழுக்கைக்குள் காத்திருந்த விதை அந்த நிலத்தை எடுத்துக்கொள்ளும். இந்த ஊரில் சீமைக் கருவேலத்துக்கு வழிவிட்டது கைவிடப்பட்ட நிலம்தான் என்று நான் நம்புகிறேன். மனை என்று பெயர்சூட்டி யாரும் உழாமல் போட்டிருக்கும் நிலமும் அதில் சேர்த்தி.

இதனால் மரத்தை விட்டுவைக்கலாம் என்று பொருள் இல்லை. கண்மாய்க்குள்ளிருந்து அது போகத்தான் வேண்டும். ஆனால் ஜேசிபி பிடுங்கிப் போட்ட பிறகு அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017க்குப் பிறகு நாமே பார்த்தோம். அறுபட்ட தூரிலிருந்து தழை கிளம்பியது. மண்ணில் கிடந்த விதைகள் அடுத்த மழையில் எழுந்தன. பல்லாண்டுச் சருகு ஊறிய மண், அந்த மரத்துக்குப் பழகிய நுண்ணுயிர்களோடு அங்கேயே கிடக்கிறது. அங்கே நாட்டுக் கருவேலத்தையோ கொழிஞ்சியையோ அறுகையோ கொண்டுவந்து வைத்து, முதல் சில வருஷம் யாராவது கூடவே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே மரத்தை மாற்றுவது ஒருநாள் வேலை. கீழே குடிகள் மாற அதைவிட நெடுங்காலம் பிடிக்கும்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்து நான்கைந்து வாரம் ஆனபின் அதே மனைக்குப் போனேன். அந்த அக்காவும் அங்கே இருந்தார். ஆடுகள் படுத்திருந்த இடத்தில் கருவேலங்கன்றுகள் கீரைப்பாத்தி மாதிரி முளைத்திருந்தன. ஈர மண், சுலபமாக வரும் என்று ஒன்றைப் பிடித்து இழுத்தேன். தண்டு ஒரு சாண்கூட இல்லை. வேர் அதைப்போல இரண்டு மடங்கு நீளத்தில் வந்து, அப்புறமும் நுனி அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. பாட்டில் தண்ணீரை ஊற்றி அலசினேன். பக்கவேரில் கடுகளவில் மூன்று நான்கு முடிச்சுகள்.

“இது என்னய்யா, பூச்சி விழுந்திருக்கா?”

“இல்லக்கா. தட்டாம்பயத்துல இருக்குமே, அதேதான். கிள்ளிப் பாருங்க.”

அக்கா ஒரு முடிச்சை விரல்நகத்தில் வைத்து நசுக்கினார். நகக்கண்ணில் இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு ஒட்டியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பயத்தஞ்செடியில பாத்திருக்கேன்” என்றார். “இதுலயும் இருக்கா?”

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அடுத்த கன்றைப் பிடுங்கக் குனிந்தார்.